தலைவர் வீட்டுப் பித்தளைக் கேரியர்

போன மாதம் மியூசியத்திலிருந்து போன் வந்தது. இனிமேல் பார்க்க வருகிறவர்கள் காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு அறையிலும் பட்டனை அழுத்தி விளக்கம் கேட்கப் போகிறார்களாம். பர்மியத்தில் பேசிப் பதிவு செய்தாயிற்று, இங்கிலீஷிலும் ஆயிற்று, தமிழுக்கு ஆள் இல்லை, நீங்கள் வந்து பேசித் தாருங்கள் என்றார்கள். போனேன். சாப்பாட்டு அறைக்கு மூன்று நிமிடம் என்று சொல்லிவிட்டு ஒரு பெண் கடிகாரத்தைப் பார்த்தபடி எதிரில் உட்கார்ந்தாள். அந்த அறையில் இருபத்தொன்பது வருடம் நின்றவனிடம் மூன்று நிமிடத்தில் முடி என்றால் கோபம் வருமா, வராதா?

பேசிவிட்டு வெளியே வந்தால், இப்போது அங்கே வேலை பார்க்கிற பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். பித்தளை டிபன் கேரியருக்கு அடியில் மட்டும் ஏன் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்க வைத்திருக்கிறது, வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள், எங்களுக்குப் பதில் தெரியவில்லை என்றார்கள். தெரியாமல் போனது என் குற்றம். அந்தக் கண்ணாடி அங்கே வந்ததற்குக் காரணமே நான்தான். மூன்று நிமிடத்தில் அடங்காததை இங்கே எழுதுகிறேன்.

வீட்டில் என் பெயர் சண்முகம். வேலையில் கோ சான், அதாவது சான் அண்ணன். தலை நரைத்த பிறகு ஊ சான், பெரியவர் சான். அப்பா ரயில்வேயில் தண்டவாளக் கூலி. நாங்கள் இருந்த மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் ரயில் சத்தம் கேட்டால்தான் எங்களுக்குத் தூக்கம் வரும். நான் தச்சு வேலை பழகினவன். அந்த வீட்டின் மாடிப்படியில் இரண்டு பலகை உளுத்துப்போய் மாற்ற ஆள் தேடியபோது போனேன். மூன்று நாள் வேலை. படியில் ஏறினால் ஒரு சின்னக் கிறீச்சு கூட வராமல் செய்து கொடுத்ததைப் பார்த்து, இங்கேயே இருந்துவிடு என்றார்கள். இருந்துவிட்டேன், ஓய்வு பெறும் வரைக்கும்.

நாட்டுக்கே தலைவராக இருந்தவர் குடியிருந்த வீடு அது. பெயரை நான் எழுதவில்லை. அந்த வீட்டுக்குள் நாங்கள் யாரும் அவர் பெயரைச் சொன்னதில்லை, தலைவர் என்றுதான் சொல்வோம், அந்தப் பழக்கம் விடவில்லை. கீழே வரவேற்பறை, சாப்பாட்டு அறை. மேலே படுக்கையறை, புத்தக அறை. பின்பக்கம் சமையற்கட்டு, அதற்குப் பின்னால் ஒரு மாமரம். தேக்குத் தரை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும், அது மந்திரியானாலும் சரி.

தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், என் காலத்தில் கயிற்றைத் தாண்டி ஒரு ஆள் கால் வைத்ததில்லை. ஒரு முறை பெரிய வியாபாரி ஒருவர் ஏழெட்டுப் பேரோடு வந்து, தலைவர் உட்கார்ந்த நாற்காலியில் தானும் உட்கார்ந்து போட்டோ எடுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். கூட வந்தவர்கள் கயிற்றை அவிழ்க்கக் கையை நீட்டிவிட்டார்கள். நான் தடுக்கவே இல்லை. தாராளமாக உட்காருங்கள், உட்கார்ந்தவர் பெயர், அப்பா பெயர், விலாசம், எதற்காக உட்கார்ந்தார் என்ற காரணம், நாலையும் பதிவேட்டில் எழுதி மேலிடத்துக்கு அனுப்புவது மட்டும் என் கடமை என்று சொல்லிப் பென்சிலை எடுத்தேன். அப்படி ஒரு விதியே கிடையாது. மனிதர் தூணோரம் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இதைக் கேள்விப்பட்டு டோ நூ யீ சிரித்தார். எனக்குத் தெரிந்து வேலை நேரத்தில் அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான். அவர் எங்கள் பொறுப்பாளர். ஒல்லியான பெண்மணி, கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து, கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில். பொருள்கள் இருக்கும் அறையில் பேனா கூடாது, மை சொட்டிவிட்டால் போகாது என்பார். வெறுங்காலோடு அறையைக் குறுக்கே ஒரு நடை நடந்தாலே எந்த மூலையில் தூசி துடைக்கவில்லை என்று சொல்லிவிடுவார். கத்த மாட்டார். நாம் எதையாவது போய்ச் சொன்னால், பர்மியத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"பார்த்ததா, நினைச்சதா?"

அலமாரிக் கதவை எலி கடித்திருக்கிறது என்று ஒரு தடவை ஓடிப்போய்ச் சொன்னேன். பார்த்ததா, நினைச்சதா என்றார். கடித்த தடத்தைப் பார்த்தேன், எலியை நினைத்தேன் என்று ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அப்படியானால் தடம் என்று எழுதுங்கள், எலி என்று எழுதாதீர்கள் என்றார். வந்த புதிதில் எனக்கு எரிச்சலாக இருக்கும். பின்னால் அதே கேள்வியை என் பெண்டாட்டியிடம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

பொருளைத் தொடுவதற்கு அவர் வைத்திருந்த முறையைச் சொல்ல வேண்டும். முதலில் மோதிரம், கைக்கடிகாரம் கழற்ற வேண்டும். கைலி முடிச்சு தளராதபடி இறுக்கிக் கட்ட வேண்டும். கையுறை. கம்பளித் துணி விரித்த தட்டு பொருளுக்குப் பக்கத்தில் வர வேண்டும்; பொருள் தட்டுக்குப் போகக் கூடாது. கைப்பிடியைப் பிடித்துத் தூக்கக் கூடாது, அடியில் ஒரு கை, பக்கத்தில் ஒரு கை. திறந்த பொருளுக்கு நேராகக் குனிந்து பேசக் கூடாது, எச்சில் தெறிக்கும். துடைப்பது காய்ந்த பருத்தித் துணியால் மட்டும். தண்ணீர், எண்ணெய், பாலிஷ் எதுவும் கூடாது. வருடத்துக்கு ஒரு தடவை பதிவேட்டை விரித்து, பொருள் பொருளாகப் பார்த்து, நிலைமை என்ன என்று அந்தந்த அறைக்காரர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

இந்த விதிகளில் ஒன்றை நான் மீறினேன். இரண்டாவது வருடம்.

சாப்பாட்டு அறையில் ஒரு பித்தளைக் கேரியர் இருந்தது. நாலு அடுக்கு, உள்ளே ஈயம் பூசினது. தலைவர் அலுவலகத்துக்குச் சாப்பாடு கொண்டுபோன பாத்திரம் என்று பக்கத்தில் எழுதி வைத்திருந்தது. நாட்டுக்கே தலைவர் சாப்பிட்ட பாத்திரம் கறுத்துக் களிம்பேறிக் கிடக்கிறதே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மா புளியும் சாம்பலும் போட்டுக் குத்துவிளக்கைத் தேய்ப்பார், தகதகவென்று வந்துவிடும். இந்தப் பர்மியர்களுக்குப் பித்தளை தேய்க்கத் தெரியவில்லை, பாவம் என்று நினைத்துக்கொண்டேன். மியூசியம் மூடியிருக்கும் திங்கட்கிழமை, புளி உருண்டை ஒன்றை மடியில் கட்டிக்கொண்டு போனேன். புத்தி சுத்தமாகக் கெட்டுப்போகவில்லை. முதலில் யாரும் பார்க்காத இடத்தில் தேய்த்துப் பார்ப்போம் என்று அடிப்பாகத்தை மட்டும் தேய்த்தேன்.

களிம்பு போனதும் புள்ளி புள்ளியாக எழுத்து வந்தது. தமிழ் எழுத்து. "ரெ. அஞ்சலை."

நம் வீடுகளில் பாத்திரம் வாங்கினால் கடையிலேயே பெயர் வெட்டிக் கொடுப்பார்கள். கல்யாணத்துக்குச் சீர் கொடுத்த பாத்திரம் என்றால் பெண்ணின் பெயர், முன்னால் அவள் அப்பாவின் முதலெழுத்து. எனக்கு அது தெரியும். ஆனால் தலைவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அஞ்சலை எப்படி வந்தாள்? வெளியே சொன்னால் முதலில் புளி போட்டுத் தேய்த்ததைச் சொல்ல வேண்டும், வேலை போய்விடும். அது போகட்டும், தலைவரின் பாத்திரத்துக்கு அடியில் ஒரு பெண் பெயர் என்றால் ஊர் வாய் சும்மா இருக்குமா? துடைத்து, இருந்த இடத்தில் இருந்தபடி வைத்துவிட்டேன். கைப்பிடி ஆணி பலவீனம் என்று அதை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. பழைய பதிவேட்டில் "அடியில் கறை உண்டு, குறி எதுவும் இல்லை" என்று இருந்தது. அதற்கு நேராக நான் ஒவ்வொரு வருடமும் "மாற்றம் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அதே பக்கத்தில் இன்னொரு வரி உண்டு. தலைவர் இறந்து வீட்டைப் பூட்டியபோது அங்கே மேற்பார்வை பார்த்த யாரோ எழுதிய பட்டியலிலிருந்து எடுத்தது. "எனாமல் கேரியர், வெள்ளை, நீல விளிம்பு. காணவில்லை. சமையல்காரர் எடுத்துச் சென்றதாகத் தெரிகிறது." இந்த இரண்டு வரிகளும் அடுத்தடுத்து இருந்தன. வருடா வருடம் இரண்டையும் படித்தவன் நான். இதையும் அதையும் சேர்த்துப் பார்க்க ஒரு நாளாவது தோன்றியதா? இல்லை.

ஓய்வுக்கு மூன்று வருடம் இருந்தபோது, ஒரு ஜனவரி காலையில், எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா மகளோடு வந்தார். சாப்பாட்டு அறைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவர் நகரவே இல்லை. பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசை நிற்கிறது. கொஞ்சம் நகருங்கள் என்று பர்மியத்தில் சொல்லிக்கொண்டே ஸ்டூலை விட்டு எழுந்தேன். முழங்கால் வலியில் "முருகா" என்று வாயில் வந்துவிட்டது. அவர் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி நம்மாளா? அந்தக் கேரியர் எங்க அம்மாவோடது தம்பி."

இந்த மாதிரிப் பேச்சு எனக்குப் புதிது இல்லை. இது எங்கள் தாத்தா கொடுத்த கடிகாரம், இது எங்கள் அத்தை பின்னிய விரிப்பு என்று மாதம் ஒருவர் வருவார். அவர்களுக்கென்று ஒரு பதில் வைத்திருந்தேன், அதைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"அடியில பேரு வெட்டிருக்கும். ரெ போட்டு அஞ்சலைன்னு. தாத்தா பேரு ரெங்கசாமி. நீங்க பாத்திருப்பீங்களே?"

"இல்லம்மா" என்றேன். பட்டென்று வந்துவிட்டது. என் வாழ்நாளில் நான் சொன்ன கேவலமான பொய் அது.

அவர் பெயர் பாக்கியம். க்யிம்யிண்டைங்கில் படகுத்துறைப் பக்கம் வீடு. வெளித் திண்டில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன், அவர் சொல்லிக்கொண்டே போனார். அப்பா மாரிமுத்து தலைவர் வீட்டுச் சமையல்காரர். கடைசி மாதங்களில் உடம்புக்கு முடியாமல் தலைவருக்கு எந்தச் சாப்பாடும் இறங்கவில்லை. அம்மா அஞ்சலை வீட்டில் வைக்கிற மிளகு ரசமும் குழைந்த சோறும் மட்டும் இறங்கியது. அதனால் தினமும் அப்பா தன் வீட்டுக் கேரியரிலேயே கொண்டுபோனார். ஒரு நாள் ஏழு வயதுப் பாக்கியமும் கூடப் போனார். திரும்பும்போது தலைவரின் மனைவி பின்வாசலில் வந்து நின்று, உங்கள் பாத்திரத்தை வெறுமனே தந்தனுப்ப மாட்டேன், மரத்தில் மாங்காய் பழுத்திருக்கிறது, நாளைக்குப் பறித்துப் போட்டுத் தருகிறேன், இன்றைக்கு எங்கள் பாத்திரத்தைக் கொண்டுபோ என்று எனாமல் கேரியரைக் கொடுத்தார். அன்று சாயங்காலம் தலைவருக்கு முடியாமல் போனது. விடிவதற்குள் போய்விட்டார். வீட்டைப் பூட்டிவிட்டார்கள்.

"அப்பா ரெண்டு தடவ திருப்பிக் குடுக்கப் போனாரு. கேட்டுல இருந்தவங்க உள்ள விடல. அதுக்குள்ள தலைவர் வீட்டுப் பாத்திரத்தத் தூக்கிட்டுப் போய்ட்டான்னு பேராயிருச்சு. அப்புறம் எந்த வீட்டுலயும் சமைக்க விடல தம்பி. செத்துப் போற வரைக்கும் துறையில மூட்ட தூக்குனாரு."

எனாமல் கேரியரை மாரிமுத்து உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டாராம். நம்முடையது இல்லை, ஒரு நாள் போய்க் கொடுக்க வேண்டும் என்பாராம். அதில் ஒரு பருக்கை சோறு யாரும் போட்டதில்லை. மியூசியத்தைப் பார்க்க வர பாக்கியத்துக்கு வெட்கம், பயம். மகள்தான் அலுவலகத்துத் தோழிகளோடு வந்தவள் போனில் படம் எடுத்துக் காட்டியிருக்கிறாள். பித்தளைக் கேரியரின் பூட்டுக் கம்பி உடைந்தபோது அப்பா சைக்கிள் கம்பியை வளைத்துப் போட்டது படத்தில் தெரிந்திருக்கிறது. அதைப் பார்த்து வந்திருக்கிறார். பாத்திரம் வேண்டாம், அப்பா திருடவில்லை என்று யாராவது எழுதித் தந்தால் போதும் என்றார். நான் "பார்ப்போம்மா" என்றேன்.

அன்று சாயங்காலம் சாப்பாட்டில் கை வைக்க முடியவில்லை. என் மனைவி தனம் என்ன என்று கேட்டாள். முதல் தடவையாக எல்லாவற்றையும் சொன்னேன். ஆறுதல் சொல்வாள் என்று பார்த்தால், "இத்தன வருசமா மாற்றம் இல்லை, மாற்றம் இல்லைன்னு எழுதுனீங்களே, நீங்களாவது மாறக் கூடாதா?" என்று கேட்டுவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் டோ நூ யீ வருவதற்கு முன்னால் அவர் அறை வாசலில் நின்றேன். கேரியரின் அடியில் எழுத்து இருக்கிறது என்றேன்.

"பார்த்ததா, நினைச்சதா?"

"பார்த்தேன்."

"எப்போ?"

சொன்னேன். புளியையும் சொன்னேன். அவர் கொண்டையிலிருந்து பென்சிலை எடுத்தார், எதையும் எழுதாமல் திரும்பவும் செருகிக்கொண்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடைசியில் சொன்னார்: பதிவேட்டில் குறி இல்லை என்று இருக்கிறது, இப்போது குறி இருக்கிறது, தமிழ் தெரிந்த ஒரே ஆள் நீங்கள், வந்திருக்கிற அம்மாவும் தமிழ். அந்த அம்மாவுக்காக நீங்களே வெட்டினீர்கள் என்றுதான் யாரும் சொல்வார்கள்.

எனக்கு அதுவரை அது தோன்றவே இல்லை. சொல்லாமல் இருந்ததால் அந்த அம்மாவுக்குக் கெடுதல் செய்தேன், சொன்னதாலும் கெடுதல் செய்துவிட்டேன் என்று அப்போதுதான் புரிந்தது.

அடுத்த திங்கட்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். டோ நூ யீ சொன்னதையே அவரும் சொன்னார், இன்னும் கூர்மையாகச் சொன்னார். இரண்டு பேரும் தமிழர்கள், கேட்கவா வேண்டும் என்றார். டோ நூ யீ பாக்கியத்தை வெளித் திண்டில் உட்கார வைத்து, பாத்திரத்தைப் பற்றித் தெரிந்ததை எல்லாம் சொல்லச் சொல்லி மகளைப் பர்மியத்தில் எழுத வைத்து, உறையில் போட்டு ஒட்டி வாங்கினார். எனக்கும் பாக்கியத்துக்கும் நடுவில் ஒரு வார்த்தை போகவிடவில்லை. என்னைச் சுவரோரம் நிற்கச் சொன்னார். கையுறை எனக்குக் கிடையாது.

மோதிரத்தைக் கழற்றினார். தட்டைக் கொண்டுவந்தார். அடுக்குகளை ஒவ்வொன்றாக இறக்கினார், ஒவ்வொன்றுக்கும் எண்ணைச் சத்தமாகச் சொன்னார். கடைசி அடுக்கை இரண்டு கையாலும் ஏந்தித் துணிமேல் கவிழ்த்தார். இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு நானும் பார்த்தேன். நான் தேய்த்த இடம் மறுபடியும் மங்கியிருந்தது, ஆனால் எழுத்து தெரிந்தது. ஜன்னலோரம் கொண்டுபோய் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அதிகாரியைக் கூப்பிட்டார்.

புதிதாக வெட்டியிருந்தால் புள்ளிக்கு உள்ளே பித்தளை மஞ்சளாகத் தெரியும். நான் புளி போட்டுத் தேய்த்ததில் மேலே இருந்த களிம்பு மட்டும்தான் போயிருந்தது. ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் களிம்பு கெட்டிப் பச்சையாக, கல் மாதிரி உறைந்து கிடந்தது. அதோடு "ரெ" என்ற எழுத்தில் பாதி, அடுப்புத் திட்டில் இழுத்து இழுத்துத் தேய்ந்து மழுங்கியிருந்தது. இந்த வீட்டில் இது அடுப்பருகே போனதே இல்லை, தேய்ந்தது வேறு வீட்டில் என்றார் டோ நூ யீ. அதிகாரி கண்ணாடியை வாங்கித் தானும் பார்த்தார். ஊசி முனையால் நெருடிப் பார்த்தும் களிம்பு அசையவில்லை.

என்னைப் படிக்கச் சொன்னார்கள். "ரெ. அஞ்சலை" என்று படித்தேன். அதற்குப் பிறகுதான் உறையைப் பிரித்தார்கள். பெயர், முதலெழுத்து, அது தாத்தா பெயர் என்பது, கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் விளிம்பில் ஏறியிருக்கும் என்பது, எல்லாம் இருந்தது. கடைசி எழுத்து விளிம்பில் ஏறித்தான் இருந்தது.

பாக்கியத்தை உள்ளே கூப்பிட்டார்கள். துணிப்பையிலிருந்து எனாமல் கேரியரை எடுத்து மேசைமேல் வைத்தார். வெள்ளை, நீல விளிம்பு, மூடியில் ஒரு சின்னப் பூ. பக்கத்தில் இருந்த தலைவர் வீட்டுத் தட்டுகளிலும் கிண்ணங்களிலும் அதே விளிம்பு, அதே பூ. அதிகாரி உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் டோ நூ யீ அப்போதும் விடவில்லை. பாத்திரம் உங்களுடையது என்று தெரிகிறது, இதை வீட்டு அம்மாதான் கொடுத்தார் என்பது உங்கள் அப்பா சொன்னதா என்று பாக்கியத்தைக் கேட்டார். பார்த்ததா, நினைச்சதா என்று அவர் கேட்கப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பாக்கியம் பர்மியத்தில் சொன்னார்: "நான் பார்த்தேன். அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு அந்தப் பின்வாசல்லதான் நின்னேன்."

டோ நூ யீ பதிவேட்டை எடுத்தார். அதில் எதையும் அழிக்கக் கூடாது, பழையது படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். ஸ்கேலை வைத்து, சமையல்காரரைப் பற்றிய பழைய வரியின் மேல் ஒரே ஒரு கோடு போட்டார். கீழே எழுதினார்: "சமையல்காரர் மாரிமுத்து எடுத்துச் செல்லவில்லை. வீட்டு அம்மா கொடுத்து அனுப்பினார். கண்டவர் அவர் மகள் பாக்கியம்." எழுதியதைச் சத்தமாகப் படித்தார்.

பாக்கியம் அசையாமல் கேட்டார். பர்மியத்தில் அவருக்குப் புரியாதது ஒன்றும் இல்லை, நம்மைவிட நன்றாகப் பேசுவார். ஆனாலும் என் பக்கம் திரும்பினார்.

"தமிழ்ல ஒரு தடவ சொல்லுங்க தம்பி. அப்பாவுக்குப் பர்மியம் அவ்வளவா வராது."

சொன்னேன். கடைசி வார்த்தை வரை சொன்னேன். பிறகு, பெயரை முன்பே பார்த்திருக்கிறேன், அன்றைக்குப் பொய் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா என்று அதையும் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சொல்லிட்டீங்கல்ல, விடுங்க" என்றார்.

எனக்கு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. சாப்பாட்டு அறையை விட்டு ஒரு வருடம் தோட்டத்துக்கு மாற்றினார்கள். நியாயம்தான், நான் முணுமுணுக்கவில்லை. கேரியரை இனி யாரும் திருப்ப வேண்டாம், பெயர் தெரிந்தால் போதும் என்று டோ நூ யீ அதைக் கட்டைமேல் உயர்த்தி அடியில் கண்ணாடியை வைத்தார். பிள்ளைகள் கேட்ட கண்ணாடி அதுதான்.

நான் முணுமுணுத்தது வேறொன்றுக்கு. அன்றைக்கே எனாமல் கேரியரைக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றார் பாக்கியம். டோ நூ யீ மறுத்துவிட்டார். கொஞ்சம் எழுத்து வேலை இருக்கிறது, நான் சொல்லும்போது கொண்டு வாருங்கள் என்றார். ஜனவரி போயிற்று, பிப்ரவரி போயிற்று, ஏப்ரல் மாதத் தண்ணீர்த் திருவிழாவும் போயிற்று. ஒரு பக்கத்துப் படிவம், அதற்கு இத்தனை மாதமா? மேலிடத்தில் யாரோ இழுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, நான் தோட்டத்தில் சருகு கூட்டினேன். டோ நூ யீ தினமும் காலையில் பின்பக்கம் வந்து, மாமரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவார். நான் ஒழுங்காக வேலை செய்கிறேனா என்று வேவு பார்க்கிறார் என்று எனக்குக் கோபம். அந்த மரத்துப் பழத்தில் ஒன்றைக்கூட எங்களில் யாரும் தொட முடியாது. எல்லாம் புத்த மடத்துக்குப் போய்விடும், அது விதி.

மே மாதம், மழை இறங்குவதற்கு முன், ஒரு திங்கட்கிழமை பாக்கியத்தை வரச் சொன்னார்கள். அன்று காலையில் டோ நூ யீ என்னை அழைத்து, நன்றாகப் பழுத்ததாக ஒரு கூடை பறியுங்கள், ஒரு பழம் கூடத் தரையில் விழக் கூடாது என்றார். ஏணி போட்டுக் கையால் பறித்தேன். மடத்திலிருந்து ஆள் வருவார்கள் என்று நினைத்தேன்.

பாக்கியமும் மகளும் கேட்டில் நிற்கிறார்கள், காவல்காரர் உள்ளே விடவில்லை என்று தகவல் வந்தது. எனாமல் கேரியர் நிறையச் சாப்பாடு இருந்தது. இந்த வளாகத்துக்குள் சாப்பாடு வரக் கூடாது, எறும்பு வரும் என்பது டோ நூ யீ போட்ட விதி, காவல்காரர் மேல் தப்பில்லை. பாக்கியமும் விட்டுக்கொடுக்கவில்லை. வெறும் பாத்திரமாகக் கொடுக்க மாட்டேன், எங்கள் வீட்டில் பழக்கமில்லை என்று நின்றார். தலைவர் இறந்த பிறகு பூட்டிய இதே கேட்டில் பாக்கியத்தின் அப்பா நின்ற கதை எனக்கு ஞாபகம் வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் டோ நூ யீ வந்துவிட்டார்.

"நான் நம்பர் எழுதுற வரைக்கும் அது மியூசியப் பொருள் இல்ல. சாப்பாட்டுப் பாத்திரம்தான். வாங்க."

கட்டடத்துக்கு வெளியே, மாமரத்தடியில் பாய் விரித்தோம். மிளகு ரசம், குழைந்த சோறு, பொரித்த மீன், வடை. அத்தனை வருடம் உத்தரத்தில் தொங்கிய பாத்திரத்தில் முதல் சாப்பாடு. டோ நூ யீ இரண்டு தடவை ரசம் வாங்கிக் குடித்தார், காரத்தில் மூக்கைத் துடைத்துக்கொண்டார். தலைவருக்கு இறங்கிய ரசம் எனக்கும் இறங்கியது. சாப்பிட்டதும் பாக்கியமே தோட்டத்துக் குழாயில் கேரியரைக் கழுவி, முந்தானையால் ஈரம் போகத் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினார். உள்ளே கொண்டுபோய் எண் எழுதி, தட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். "காணவில்லை" என்ற வார்த்தையின் மேலும் ஸ்கேல் கோடு விழுந்தது.

முடிந்தது என்று பாக்கியம் எழுந்தார். வரும்போது கனமாக இருந்த துணிப்பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். வெறுங்கையோடு அவர் நிற்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அம்மாவின் சீர்ப் பாத்திரத்தையும் விட்டுவிட்டு, கையில் இருந்ததையும் கொடுத்துவிட்டுப் போகிறாரே என்று இருந்தது.

டோ நூ யீ என்னைப் பார்த்துக் கூடையைக் காட்டினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தூக்கிக்கொண்டு வந்தேன். அவர் அதை என் கையிலிருந்து வாங்கி, தானே பாக்கியத்திடம் கொடுத்தார்.

"உங்க அம்மா பாத்திரத்தத் திருப்பித் தர எனக்கு அதிகாரம் இல்ல. அதுல போட்டுத் தர்றேன்னு இந்த வீட்டம்மா சொன்னதத் தரலாம்."

பாக்கியம் கூடையை வாங்கிக்கொண்டார். ஒரு பழத்தை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தார். பிறகு, தமிழ் அரைகுறையாகத்தான் புரியும் தன் மகளிடம், தமிழிலேயே சொன்னார்.

"நாளைக்குத் தர்றேன்னு சொன்னாங்கல்ல. பாரு, குடுத்துட்டாங்க."